மேஜிக் கீ ரினியூ பண்றதா, டிக்கெட்டுக்கு மாறுறதா? வருஷத்துக்கு எட்டு தடவை போற குடும்பத்துக்குக் கணக்கு சொல்லுங்க

கேள்வி: தென்கலிஃபோர்னியா வாசி

எல்லாருக்கும் வணக்கம். அனாஹைம் டிஸ்னிலாந்து பத்தின கேள்வி. பெரியவங்க ரெண்டு பேர், எட்டு வயசுப் பொண்ணு, வர்ற மார்ச்சில் மூணு வயசு முடியுற பையன். வருஷத்துக்குச் சராசரியா எட்டு தடவை. கையில் மூணு இமேஜின் கீ (மேஜிக் கீன்னு சொல்ற ஆண்டு அட்டையில் மிக மலிவான வகை) இருக்கு, அடுத்த மாசம் முடியுது. 2021இல் 399 டாலருக்கு வந்த அதே கீ இப்ப 599. மூணுக்கு 1,797 டாலர். பையனுக்கும் எடுத்தா 2,396.

கேக்க வேண்டியது இவ்வளவுதான்:

மூணையும் அப்படியே ரினியூ பண்றதா, டிக்கெட்டுக்கு மாறுறதா?
பையனுக்கு நாலாவது கீ தேவையா?
வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் பெரிய கீ, மத்தவங்களுக்குச் சின்னது என்ற யோசனை சரியா வருமா?
லைட்னிங் லேன் (காசு கட்டிப் போற குறுக்கு வரிசை) வாங்காமல் ஒரு நாளை ஒழுங்கா ஓட்ட முடியுமா?

போறது பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகு வார நாள் சாயங்காலம், சில ஞாயிறு.

---

பதில் 1: கணக்குப்பிள்ளை

எல்லாரும் போடும் கணக்கு இது: மிகக் குறைந்த ஒருநாள் டிக்கெட் 104 டாலர். 599ஐ 104ஆல் வகுத்தால் 5.76. ஆக ஆறாவது தடவையில் காசு தேறிவிட்டது. இந்தக் கணக்கில் ரெண்டு ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை, கீயை ஒப்பிட வேண்டியது கேட் விலையோடு அல்ல, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான வழியோடு. தென்கலிஃபோர்னியா முகவரி இருப்பவர்களுக்கு (ஜிப் 90000 முதல் 93599 வரை) வருஷத் தொடக்கத்தில் மூணு நாள் டிக்கெட் ஒன்று தனிச் சலுகையில் வரும். 2025இல் அது 199 டாலர், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 66. அதை வைத்துப் போட்டால் ஒரு பெரியவருக்கு இப்படி வருகிறது:

ஆறு தடவை: 199 + (3 × 104) = 511. கீயை விட 88 டாலர் குறைவு.
ஏழு தடவை: 199 + (4 × 104) = 615. கீ 16 டாலர் மலிவு.
எட்டு தடவை: 199 + (5 × 104) = 719. கீ 120 டாலர் மலிவு.

104 டாலர் நாட்கள் வருஷத்தில் மிகக் கொஞ்சம், எல்லாமே பள்ளி நாட்கள். மிச்ச மூணு நாளுக்கு 130 டாலர் மாதிரி நடுத்தர விலைதான் கிடைக்கும் என்று வைத்தால், ஆறு தடவைக்கே 589 ஆகிவிடும். அதனால் நடைமுறையில் ஐந்து தடவைக்குள் என்றால் டிக்கெட், ஏழு அல்லது அதற்கு மேல் என்றால் கீ. ஆறு என்றால் எந்த நாளில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாக் கீயிலும் ஒரே நாளில் ரெண்டு பார்க்குக்கும் (டிஸ்னிலாந்து, பக்கத்திலுள்ள கலிஃபோர்னியா அட்வென்சர்) போகலாம் என்பதையும், சலுகை டிக்கெட்டில் நாளுக்கு ஒரு பார்க்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரெண்டாவது ஓட்டைதான் பெரியது. எட்டு தடவை போனீர்கள் என்பது போன வருஷக் கணக்கு. இந்த வருஷம் உங்கள் கீயில் போகக்கூடிய நாள் எத்தனை? காசு கட்டும் முன்னால் இதை ஒருமுறை உட்கார்ந்து செய்யுங்கள், அரை மணி நேரம்தான் ஆகும்.

பன்னிரண்டு மாதக் காலண்டரைத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்னிலாந்து இணையதளத்தில் மேஜிக் கீ கிடைப்பு நாட்காட்டி இருக்கிறது, கீ வாங்காதவர்களும் பார்க்கலாம். இமேஜினைத் தேர்ந்தெடுத்து பிளாக்அவுட் நாட்களை (அந்தக் கீயில் போக முடியாத நாட்களை) அடியுங்கள். கோடையின் பெரும்பகுதியும் பண்டிகை வாரங்களும் பெரும்பாலான வார இறுதிகளும் அதிலேயே போய்விடும். அடுத்து, உங்கள் வீட்டில் யாராலும் நகர முடியாத நாட்களை அடியுங்கள். பரீட்சை, வேலை, ஊர்ப்பயணம் எல்லாம் இதில் அடக்கம். மூணாவதாக, கீ இருந்தாலும் போகும் நாளை முன்பதிவு செய்ய வேண்டும், அந்த ரிசர்வேஷன் அடுத்த 90 நாளுக்கு மட்டும் திறந்திருக்கும், அதில் இப்போதே தீர்ந்துபோன நாட்கள் எவை என்று பாருங்கள். ரெண்டு பார்க்கும் இல்லை, டிஸ்னிலாந்து மட்டும் இல்லை என்று தனித்தனியாகக் காட்டும். வருஷம் முழுக்க ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மிச்சமிருக்கும் கட்டங்களில் உங்கள் ஞாயிறுகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை மூணுக்குக் கீழே என்றால், எட்டு தடவைக்கு அஞ்சு தடவையாவது வார நாள் சாயங்காலமாக இருக்க வேண்டும். அது நடக்குமா என்று நேர்மையாக யோசித்துவிட்டுப் பிறகு ரினியூ பொத்தானை அழுத்துங்கள்.

---

பதில் 2: மெயின் ஸ்ட்ரீட் பழையவர்

கணக்குப்பிள்ளை சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த விலை எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் அடுத்த வருஷத்தையும் ஊகிக்கலாம் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1955 ஜூலை 17இல் திறந்தபோது பெரியவருக்கு நுழைவு ஒரு டாலர், ரைடுகளுக்குத் தனிக் காசு. அந்த வருஷமே டிக்கெட் புத்தகம் வந்தது. 1959இல் மேட்டர்ஹார்னும் மோனோரயிலும் நீர்மூழ்கிக் கப்பலும் வந்தபோது பெரிய ரைடுகளுக்கான ஈ டிக்கெட் சேர்ந்தது. 1982இல் புத்தகத்தை எடுத்துவிட்டு 12 டாலருக்கு எல்லா ரைடும் என்று மாற்றினார்கள். அந்த 12 டாலர் இன்றைய மதிப்பில் சுமார் 40.

வழக்கமாகப் போகிறவர்களுக்கு உண்மையான திருப்பம் 2016 பிப்ரவரி. அன்றுவரை வருஷத்தின் எந்த நாளானாலும் ஒருநாள் டிக்கெட்டுக்கு ஒரே விலை. அன்றிலிருந்து 95, 105, 119 என்று மூணு படி. 2019 ஜனவரியில் அது 104, 129, 149 ஆனது. இப்போது ஏழு படி, கீழ்ப்படி 104, மேல்படி 224.

இந்த ரெண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழ்ப்படி 2019 முதல் ஒரு டாலர்கூட ஏறவில்லை. மேல்படி 149இலிருந்து 224, அதாவது பாதி ஏறிவிட்டது. செய்தியில் வருவது மேல்படி விலை. விளம்பரத்தில் வருவது கீழ்ப்படி விலை. நடுவில் எந்த நாள் எந்தப் படியில் விழுகிறது என்பதுதான் நம் பையிலிருந்து போகும் காசைத் தீர்மானிக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு படி மேலே நகர்ந்தால் அது செய்தியாக வராது. அதனால் வருஷா வருஷம் விலைப் பட்டியலைப் பார்ப்பதைவிட, உங்களுக்குத் தோதான பத்து நாளை எழுதி வைத்துக்கொண்டு அந்தப் பத்து நாளின் விலையை மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடுங்கள்.

டிக்கெட் விலை உயர்வு 2021 முதல் ஐந்து வருஷமாக அக்டோபரில்தான் வந்திருக்கிறது, பெரும்பாலும் இரண்டாவது வாரத்தை ஒட்டி. மல்டி-டே (பல நாள்) டிக்கெட் வாங்கும் எண்ணம் இருந்தால் செப்டம்பர் கடைசிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஆனால் முதல் நாள் பயன்படுத்தியதிலிருந்து 13 நாளுக்குள் எல்லா நாளையும் முடித்தாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அந்தச் சாதாரண மல்டி-டே சுற்றுலா வருபவர்களுக்கு ஏற்றது. உள்ளூர்க்காரர்கள் இந்த 13 நாளில்தான் ஏமாறுகிறார்கள். ஜனவரி-மே உள்ளூர்ச் சலுகையில் மூணு நாளையும் அந்தக் காலத்துக்குள் பிரித்துப் பிரித்துப் போகலாம்.

கம்பெனியின் எண்ணம் என்ன என்பதும் ரகசியம் இல்லை. 2022 ஆகஸ்ட் காலாண்டு அறிக்கையில் டிஸ்னிலாந்தில் 'சாதகமற்ற வருகைக் கலவை' என்றே எழுதினார்கள். கீ வைத்து அடிக்கடி வருகிறவர் பங்கு கூடினால் தலைக்கு வரும் டிக்கெட் வருமானம் குறைகிறது என்பது பொருள். வழக்கமாக வருகிறவர்கள் அந்த ஆங்கிலச் சொல்லையே பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பார்க்குக்கு வந்தார்கள். அவர்களுக்கு அது அவ்வளவு வலித்தது.

இதன் கடைசி எல்லை எப்படி இருக்கும் என்று பார்க்க டோக்கியோவைப் பாருங்கள். அங்கே 2020இல் நிறுத்திய ஆண்டு அட்டை திரும்பி வரவே இல்லை. 2018 நிதியாண்டில் 3 கோடியே 25 லட்சம் பேர் வந்தார்கள், தலைக்கு 11,815 யென் செலவழித்தார்கள். 2023 நிதியாண்டில் வந்தவர்கள் 2 கோடியே 75 லட்சம், தலைக்குச் செலவு 16,644 யென். ஆள் குறைந்தும் வருமானம் கூடியது. அனாஹைம் அந்த அளவுக்குப் போகாது என்பது என் கருத்து. ஆரஞ்சு கவுண்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆட்கள் இல்லாமல் ஜனவரி செவ்வாய்க்கிழமையை அவர்களால் நிரப்ப முடியாது. நம்மை வெளியே அனுப்பும் எண்ணம் அவர்களுக்கு இல்லை, அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளத்தான் பார்க்கிறார்கள்.

---

கேள்வி கேட்டவர்: தென்கலிஃபோர்னியா வாசி

ரெண்டு பேருக்கும் நன்றி. நாட்காட்டியைப் பார்த்து அடிச்சுட்டு வந்தேன். திறந்திருக்கிற ஞாயிறு ரொம்பக் கம்மி, வார நாள் சாயங்காலம் தாராளமா இருக்கு. ஒரு சந்தேகம்: இமேஜினில் ஒரே நேரத்தில் ரெண்டு ரிசர்வேஷன்தான் வச்சுக்க முடியும். ஹாலோவீன் நேரத்துக்கு ஒண்ணு, கிறிஸ்துமஸ் விளக்கு பாக்க ஒண்ணு முன்கூட்டியே போட்டுட்டா, நடுவில் சும்மா ஒரு புதன்கிழமை போகவே வழி இல்லையே?

---

பதில் 3: ரிசர்வேஷன் ராணி

வழி இருக்குங்க. ரெண்டு இடத்தில் ஒண்ணை மட்டும் தூரத்து நாளுக்குப் பூட்டி வையுங்க, இன்னொண்ணை எப்பவும் காலியா வச்சிருங்க. அந்தக் காலி இடம்தான் உங்க புதன்கிழமைகளை ஓட்டும். போய் கேட்டில் ஸ்கேன் ஆனதும் அந்த இடம் திரும்பக் காலியாகிடும்.

தூரத்து நாள் தீர்ந்துபோச்சேன்னு பதற வேண்டாம். முந்தின நாள் இரவு 11:59க்குள் ரத்து பண்ணினா அபராதம் இல்லை என்பதால் எல்லாரும் கடைசி நேரத்தில்தான் விடுவாங்க. அதனால முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல ஆப்பைத் திறந்து அதே தேதியை மறுபடி மறுபடி பாருங்க. ஒன்பது மணிக்குச் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த தேதி பத்தரைக்குத் திடீர்னு திறக்கும். திறந்த பிறகு குடும்பத்தில் யார் யார்னு டிக் அடிச்சிட்டு நிக்காதீங்க, மூணு பேரையும் முதலிலேயே தேர்ந்தெடுத்து வச்சுட்டுத் தேதியை மட்டும் அழுத்துங்க. மூணு இடம் கேட்டுக் கிடைக்கலைன்னா ஒண்ணு ஒண்ணா முயற்சி பண்ணுங்க. ஒரு இடம் மட்டும் விடுபட்டிருந்தா, மூணு பேராத் தேடும்போது அது கண்ணில் படவே படாது.

போக முடியலைன்னா கண்டிப்பா ரத்து பண்ணிடுங்க. 90 நாளுக்குள் மூணு தடவை வராம இருந்தா அந்தக் கீயில் 30 நாள் புது ரிசர்வேஷன் போட முடியாது. இதில் மாட்டிக்கிறது எப்படின்னா, பொண்ணுக்குக் காய்ச்சல், அம்மா வீட்டில் தங்கிட்டாங்க, அப்பா மட்டும் வேலை விட்டு நேரா போயிட்டார். அப்பா கணக்கு சுத்தம். பொண்ணு கீயிலும் அம்மா கீயிலும் தலா ஒரு 'வரவில்லை' ஏறிடும். கணக்கு ஒவ்வொரு கீக்கும் தனித்தனி. ராத்திரி பத்து மணிக்கு போன் அலாரம் ஒண்ணு வையுங்க, மறுநாள் யார் யார் போறாங்கன்னு பாத்து மத்தவங்க பேரை மட்டும் எடுத்துடுங்க.

ரிசர்வேஷன் விஷயத்தைச் சின்னதா நினைக்க வேண்டாம். 2021இல் ட்ரீம் கீ 1,399 டாலருக்கு 'பிளாக்அவுட் நாளே இல்லை'ன்னு சொல்லி வித்தாங்க. ஆனா ரிசர்வேஷன் கிடைக்காத நாள் இருந்தது. அதுக்கு வழக்கு நடந்து, 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆச்சு. ஒரு லட்சம் பேருக்கு மேல பங்கு போட்டதில் ஆளுக்கு 67 டாலர் மாதிரிதான் வந்தது. அடுத்து வந்த இன்ஸ்பயர் கீயில் கிறிஸ்துமஸ் வாரத்தை அடைச்சுட்டாங்க.

---

பதில் 4: கணக்குப்பிள்ளை

பையன் விஷயத்தையும் கலப்பு யோசனையையும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

பையனுக்கு மூணு முடியும் நாள்வரை டிக்கெட்டே வேண்டாம். வயதைப் பார்ப்பது பார்க்குக்குப் போகும் நாளில். அதனால் மார்ச் வரை அவனுக்கு எதுவும் வாங்காதீர்கள். அதன் பிறகும் கீ வேண்டாம் என்பதே என் கருத்து. கீயில் குழந்தை விலை என்று ஒன்று கிடையாது, மூணு வயசுக்கும் அதே 599. டிக்கெட்டிலோ 3 முதல் 9 வயதுக்குத் தனி விலை, கீழ்ப்படியில் 98. அது போக 2024இலும் 2025இலும் இந்த வயதுக்கு 50 டாலரில் ஒருநாள் டிக்கெட் விட்டார்கள். அந்த மாதிரி ரெண்டு மூணு போதும் மூணு வயசுக்கு.

இதே காரணத்தால் பொண்ணின் கணக்கும் உங்கள் கணக்கிலிருந்து வேறு. எட்டு தடவைக்கு 199 டாலர் மூணு நாள், 50 டாலர் ரெண்டு, 98 டாலர் மூணு என்று போட்டால் 593. கீயும் டிக்கெட்டும் அவளுக்கு எட்டாவது தடவையில்தான் சமமாகிறது. பெரியவர்களுக்கு அது ஏழு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2024இல் அந்த 50 டாலர் டிக்கெட் ஜனவரி-மார்ச்சில் வந்தது. 2025இல் கோடைக்கு வந்தது. கோடையில் இமேஜின் பெரும்பாலும் அடைப்பு. பிள்ளைக்கு 50 டாலரில் டிக்கெட் இருக்கும், கூட்டிப்போக வேண்டிய பெற்றோர் கீயில் உள்ளே போக முடியாது. அன்றைக்குப் பெரியவர் டிக்கெட் தனியாக வாங்கினால் மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே கரைந்துவிடும். சலுகைத் தேதிகள் வெளிவந்த அன்றே அதை உங்கள் பிளாக்அவுட் தாளோடு ஒட்டிப் பாருங்கள்.

ஒருவருக்குப் பெரிய கீ என்ற யோசனை: இருப்பதில் மிகப் பெரிய கீயான இன்ஸ்பயர் 1,899. அதில் பார்க்கிங் அடக்கம், சாப்பாட்டில் 15 சதவீதம், கடைப் பொருளில் 20 சதவீதம் தள்ளுபடி. காருக்கு ஒரு பார்க்கிங்தான் என்பதால் வீட்டில் ஒருவர் வைத்திருந்தால் போதும், உணவகத்தில் பில்லையும் அவர் பேரில் போடலாம். இந்த அளவில் யோசனை சரி. ஆனால் இமேஜினுக்கும் இன்ஸ்பயருக்கும் 1,300 டாலர் வித்தியாசம். பார்க்கிங்கை 40 என்றே வைத்தாலும் எட்டு தடவைக்கு அதிகபட்சம் 320தான் மீளும். அதற்கு ஒரு படி கீழே உள்ள பிலீவ் கீ (1,474) வைத்திருப்பவர் இன்ஸ்பயருக்கு ஏறுவதும் அப்படியே: பிலீவில் பாதிப் பார்க்கிங் ஏற்கெனவே உண்டு, அதனால் ஏறினால் தடவைக்கு 20 டாலர்தான் மிச்சம், 425 டாலர் வித்தியாசத்தை எடுக்க 22 தடவை வேண்டும். வாரம் ஒருமுறை போகிறவருக்கு அது நியாயம். உங்களுக்கு இல்லை. குடும்பமாகப் போகும் நாளைத் தீர்மானிப்பது எப்போதும் வீட்டிலேயே சின்னக் கீதான், அதையும் மறக்க வேண்டாம்.

நான் சொல்லும் கலப்பு வேறு. எட்டு தடவையும் நால்வரும் சேர்ந்தா போகிறீர்கள்? வார நாள் சாயங்காலம் என்றால் பெரும்பாலும் ஒரு பெரியவரும் பொண்ணும்தான் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் அந்த இருவருக்கு மட்டும் இமேஜின், 1,198. மற்றவருக்கு உள்ளூர் மூணு நாள் டிக்கெட், 199. மொத்தம் 1,397. மூணு கீயைவிட 400 டாலர் குறைவு. குடும்பமாகப் போகும் மூணு நாளை ஜனவரியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. 2025இல் சலுகை மே 15 வரை இருந்தது.

விட்ட கீயைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். புது விற்பனையை அவ்வப்போது நிறுத்திவிடுவார்கள், ரினியூ செய்கிறவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கும். விற்பனை திறந்திருக்கும் காலத்தில், கையில் உள்ள காலாவதியாகாத டிக்கெட்டின் மதிப்பைக் கழித்துக்கொண்டு கீயாக மாற்றலாம். எனவே ஐயம் இருந்தால் முதலில் டிக்கெட், பிறகு மாற்றம் என்ற வரிசை பாதுகாப்பானது.

---

பதில் 5: செலவுக்கார்டு

காசு கட்டும் முறை பற்றிச் சுருக்கமாக.

கலிஃபோர்னியாவாசிகளுக்கு மட்டும் மாதத் தவணை உண்டு, வட்டி கிடையாது. சராசரி பார்த்தால் இமேஜினுக்கு மாதம் 50 டாலர். அந்த 50 என்ற எண்தான் பலரையும் யோசிக்காமல் ரினியூ பண்ண வைக்கிறது. அது சந்தா இல்லை, வேண்டாம் என்றால் நடுவில் நிறுத்த முடியாது. 12 மாதக் கடனாகப் பாருங்கள்.

முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் கிஃப்ட் கார்டு வழி மலிவு. டார்கெட் கடைகளின் சொந்த அட்டையில் டிஸ்னி கிஃப்ட் கார்டு வாங்கினால் 5 சதவீதம் கழிவு. மூணு கீயின் 1,797க்கு அது ஏறக்குறைய 90 டாலர். சின்னச் சின்னக் கார்டுகளை டிஸ்னியின் கிஃப்ட் கார்டு தளத்தில் ஒன்றாகச் சேர்க்கலாம், ஒரு கார்டில் அதிகபட்சம் 1,000 டாலர். சேர்த்த பிறகும் பழைய கார்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், வாங்கியது ரத்தானால் பணம் திரும்பும்போது கேள்வி வரும். தவணையும் கிஃப்ட் கார்டும் ஒன்றாக ஓடாது, ரெண்டில் ஒன்றுதான்.

இணையச் சந்தையில் 'ரெண்டு நாள் மிச்சமிருக்கும் டிக்கெட்' என்று விற்பதை வாங்கவே வேண்டாம். முதல் நாள் கேட்டில் படம் பிடித்துவிடுவார்கள். ரெண்டாம் நாள் ஸ்கேன் பண்ணும்போது ஊழியர் கையில் உள்ள கருவியில் அந்த முதல் ஆளின் முகம் வரும்.

பார்க்கிங் செலவைத் தவிர்க்க ஒரு வழி, ஹார்பர் புலவார்டில் ஓடும் ஓசிடிஏ (ஆரஞ்சு கவுண்டி போக்குவரத்து) 43ஆம் எண் பஸ். அந்தப் பக்கத்து நடை வாசலிலேயே இறங்கலாம், பார்க்கிங்கிலிருந்து வரும் ட்ராமுக்கும் நிற்க வேண்டியதில்லை.

---

பதில் 6: ஒற்றை வரிசை

லைட்னிங் லேன் இல்லாமல் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு: முடியும். உங்களை மாதிரி அடிக்கடி போகிறவர்கள் வாங்காமல் இருப்பதுதான் சரி. 1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தபோது அது இலவசம். 2017இல் போனிலேயே எடுக்க மேக்ஸ்பாஸ் என்று 10 டாலர். பிறகு இலவச வழி நின்றுபோய், 2021 டிசம்பரில் ஜீனி பிளஸ் 20 டாலர். இன்று லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்ற பெயரில் 30 டாலருக்கு மேல். எட்டு தடவை, மூணு பேர், 30 என்றே வைத்தாலும் 720 டாலர். ஒரு கீயின் விலையைவிட அதிகம். டிக்கெட் விலை உயர்வைப் பற்றிப் பேசும்போது பலரும் இதைச் சேர்ப்பதில்லை, ஆனால் அதிகமாக ஏறியது இதுதான்: சும்மா கிடைத்த ஒன்று தலைக்கு 30 ஆகிவிட்டது.

அதற்குப் பதில் நேரத்தையும் வரிசையையும் தேர்ந்தெடுங்கள்.

முழு நாள் போனால் திறக்கும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்னால் கேட் வாசலில் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கும் ட்ராமுக்கும் ஆகும் நேரம் இதில் சேராது. முதலில் பீட்டர் பான் ரைடு. அதற்கு லைட்னிங் லேன் கிடையாது, கப்பல் ஒவ்வொன்றிலும் ரெண்டு மூணு பேர்தான் உட்கார முடியும், அதனால் வரிசை நாள் முழுக்க இறங்குவதே இல்லை. காலை முதல் பத்து நிமிடத்தில் ஏறாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் மட்டும் போகிறவர்கள் ஐந்து மணிக்கு எந்தப் பெரிய வரிசையிலும் நிற்காதீர்கள். சாப்பிட்டு முடித்து, வாணவேடிக்கை நடக்கும் நேரத்தில் ஏறத் தொடங்குங்கள். வேடிக்கை முடிந்ததும் குழந்தை வண்டிகள் எல்லாம் மெயின் ஸ்ட்ரீட் வழியாக வெளியே போகும். அந்த ஓட்டத்துக்கு எதிராக உள்ளே நடந்தால் கடைசி ஒன்றரை மணி நேரம் உங்களுடையது. மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன் வரிசையில் நுழைந்துவிட்டாலும் ஏற்றிவிடுவார்கள். அதனால் மிக நீளமான ரைடைக் கடைசிக்கு வையுங்கள்.

உங்கள் பொண்ணுக்கு எட்டு வயசு என்பது இங்கே நல்ல வசதி. சிங்கிள் ரைடர் வரிசைக்கு (தனி ஆளாக ஏறிக் காலி இடத்தை நிரப்புகிறவர்களின் வரிசை) ஏழு வயசு நிரம்பியிருக்க வேண்டும், உயரமும் இருக்க வேண்டும். மேட்டர்ஹார்னுக்கு 107 செ.மீ., ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸுக்கு 102, இன்கிரெடிகோஸ்டருக்கு 122. வெப் ஸ்லிங்கர்ஸுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. ரேசர்ஸில் 80 நிமிடம் என்று பலகை காட்டும்போது சிங்கிள் வரிசை அதில் பாதிக்கும் கீழே இருப்பது வழக்கம். ஒரு காரில் மூணு மூணாக ரெண்டு வரிசை. நாலு பேர் குடும்பம் ஏறினால் ரெண்டு இடம் காலியாக நிற்கும், அங்கேதான் உங்களைச் செருகுவார்கள். ஒரே காரில் உட்கார வாய்ப்புக் குறைவு, இறங்கியபின் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். விண்கப்பல் ஓட்டும் ரைடான ஸ்மக்லர்ஸ் ரன்னில் சிங்கிளாகப் போனால் அனேகமாக எஞ்சினியர் இடம்தான், பின்னால் உட்கார்ந்து பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். ஓட்ட ஆசைப்படும் பிள்ளைக்கு அது ஏமாற்றம், அந்த ஒன்றுக்கு மட்டும் வழக்கமான வரிசையில் நில்லுங்கள்.

பையனுக்காக ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள், இலவசம். உயரம் எட்டாத பிள்ளையுடன் ஒரு பெரியவர் வெளியே இருக்க, மற்றவர் போய் வந்தபின் இவர் லைட்னிங் லேன் வழியாகப் போகலாம், கூட ஒருவரையும் அழைத்துக்கொள்ளலாம். அதனால் பொண்ணுக்கு ரெண்டு தடவை ஏறக் கிடைக்கும். ரைடு வாசலில் உள்ள ஊழியரிடம் பிள்ளையைக் காட்டிக் கேட்க வேண்டும், நால்வரும் அங்கே இருக்க வேண்டும். ஒருவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டபின் கேட்டால் தர மாட்டார்கள்.

---

பதில் 7: பியூனா பார்க் பக்கம்

ஒரு வருஷம் கீ, ஒரு வருஷம் விடுப்பு என்று மாற்றி மாற்றிப் போகிறவர்கள் இப்போது நிறைய. விடுப்பு வருஷத்துக்கு நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற கேளிக்கைப் பூங்கா பொருந்தும். டிஸ்னிலாந்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதன் ஆண்டு அட்டை டிஸ்னிலாந்தின் ஒரே ஒரு உச்ச நாள் டிக்கெட்டைவிட மலிவு. அதில் சின்னப் பிள்ளைகளுக்கான கேம்ப் ஸ்னூப்பியை 2024இல் புதுப்பித்திருக்கிறார்கள், மூணு வயசுக்கு அதுவே அரை நாள் போதும்.

அங்கே வாங்கும் பருவம் தலைகீழ். அடுத்த வருஷ அட்டையை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் விற்கத் தொடங்கும்போதுதான் விலை மிகக் குறைவு. கோல்டு வகையில் அந்த வருஷத்து மிச்ச நாட்களும் சேர்ந்தே வரும். வசந்த காலத்தில் வாங்கினால் அதே அட்டைக்குக் கூடுதல் காசும் குறைந்த மாதமும். 2024 ஜூலையில் சிக்ஸ் ஃபிளாக்ஸும் நாட்ஸின் தாய்க் கம்பெனியும் ஒன்றாகிவிட்டதால், கூடுதல் தொகை கட்டி வலென்சியா மேஜிக் மவுண்டனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது உயரமான பிள்ளைகளுக்கான இடம், உங்கள் வீட்டுக்கு இன்னும் நாலைந்து வருஷம் ஆகும்.

திரும்பக் கீ எடுக்கும் வருஷத்தில் தொடக்கத் தேதியைப் பார்த்து எடுங்கள். ஹாலோவீன் அலங்காரம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் 31 வரை. அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கும் கீயில் இந்த அக்டோபரும் அடுத்த செப்டம்பரும் ரெண்டுமே கிடைக்கும். நவம்பரில் தொடங்கினால் ஒன்றுதான். அக்டோபர் விலை உயர்வுக்கு முன்னால் எடுத்ததாகவும் ஆகும்.

---

கேள்வி கேட்டவர்: தென்கலிஃபோர்னியா வாசி

ரொம்ப நன்றி. கணக்குப்பிள்ளை சொன்னது சரிதான், வார நாள் பெரும்பாலும் ரெண்டு பேர்தான். ரெண்டு இமேஜின், ஜனவரியில் ஒரு மூணு நாள் டிக்கெட், பையனுக்கு மார்ச் வரை எதுவும் இல்லைன்னு முடிவு. ஒண்ணு மட்டும் கேக்கணும்: குடும்பமா போற மூணு நாளையும் பையனுக்கு மூணு முடியுறதுக்கு முன்னாடியே வச்சுட்டா அவனுக்கு டிக்கெட்டே வேண்டாம்தானே?

---

பதில் 8: கணக்குப்பிள்ளை

ஆமாம், வேண்டாம். ரிசர்வேஷனும் வேண்டாம். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் மூணு நாளையும் முடித்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் லூதர் கிங் நாள், ஜனாதிபதிகள் நாள் ஒட்டிய வார இறுதிகளைத் தவிருங்கள், கூட்டமும் அதிகம், இமேஜினும் அடைபட்டிருக்கும். இன்னொன்று, ஜனவரி-பிப்ரவரியில்தான் ரைடுகளைப் பராமரிப்புக்கு மூடுவார்கள். ரிசர்வேஷன் போடும் முன் அந்தத் தேதிக்கான மூடல் பட்டியலை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பையன் ஏறக்கூடியவற்றில், டம்போ, ஸ்மால் வேர்ல்ட், ரயில் மூணில் குறைந்தது ரெண்டு திறந்திருக்கும் நாளாக எடுங்கள்.